தீமுன் நிற்போர்க்கு ஒரு சங்கம்

சிவகாசி வட்டாரத்தில் சங்கம் இல்லாத தொழிலைத் தேடிக் கண்டெடுப்பது அரிது. பட்டாசு ஆலை உரிமையாளர்க்கு டான்ஃபாமா என்னும் சங்கம் உண்டு. தீப்பெட்டி உற்பத்தியாளர்க்கும் அச்சக உரிமையாளர்க்கும் பட்டாசு வணிகர்க்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. கூலிக்குத் திரி சொருகும் பெண்டிர்க்கும் மருந்து செலுத்தும் ஆடவர்க்கும் செங்கொடியின் கீழ் ஒரு தொழிலாளர் சங்கம் உண்டு. தீ மூண்டது என்ற செய்தி வந்ததும் முதலில் ஓடவேண்டிய தீயணைப்பு வீரர்க்கு மட்டுமே, பணியில் இருக்கும் வரை, தமக்காக அரசுடன் அமர்ந்து பேசும் ஏற்புப் பெற்ற சங்கம் என ஒன்றில்லை.

கூடி நிற்பதன் வலிமையை விருதுநகர் மாவட்டத்துக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. விருதுநகர் விருதுப்பட்டியாக இருந்த நாளிலேயே அவ்வூர் வணிகர் தம் சரக்கின்மேல் தாமே மகமை விதித்துக்கொண்டு பொதுநிதி திரட்டினர். உலை வைக்குமுன் வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து, அதைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினர். காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை அந்தப் பிடியரிசியில் வளர்ந்தது. அப்படிப்பட்ட மண்ணில் நின்றுகொண்டுதான் இவ்வினாவை எழுப்புகிறோம். தம் உயிரைப் பணயம் வைக்கும் ஒரு சாரார் மட்டும் ஏன் தனித்தனி ஆளாக நிற்க வேண்டும்?

சங்கம் என்றதும் ஊதிய உயர்வும் உண்டியலும் வாயிற்கூட்டமும் நினைவுக்கு வருவது இயல்பு. தீயணைப்பாளர்க்கு அதனினும் முற்பட்ட தேவை ஒன்றுண்டு. எரியும் கட்டடத்தினுள் என்ன இருக்கிறது என்பதை அறியும் உரிமையே அது.

பட்டாசு ஆலை ஒன்றில் வெடிப்பு நேர்கிறது என்று கொள்வோம். அழைப்பு வந்ததும் சிவகாசியிலிருந்தோ சாத்தூரிலிருந்தோ வண்டி புறப்படுகிறது. கரிசல் காட்டின் நடுவே சிதறிக் கிடக்கும் சிற்றறைகள். ஒவ்வோர் அறையிலும் நால்வருக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி. எந்த அறையில் எத்தனை கிலோ மருந்து, எந்த அறையில் எத்தனை பேர் என்பதற்கெல்லாம் பதிவேடு உண்டு. ஆனால் ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டு, அறைக்கு ஒருவர் எனப் பல கைக்கு மாறியிருந்தால், அப்பதிவேடு வெறுந்தாள். பண்டிகை நெருக்கத்தில் மரத்தடியிலும் வேலை நடக்கும். நால்வர் இருக்கவேண்டிய இடத்தில் பதின்மர் இருப்பர். அலுமினியப் பொடி எரியும் இடத்தில் நீரைப் பீய்ச்சினால் அந்நீரே பிளந்து ஹைட்ரஜனாகி எரிதலைப் பெருக்கும். கந்தகமும் வெடியுப்பும் வேறு குணத்தன. பச்சை ஒளிக்குச் சேர்க்கும் பேரியம் நைட்ரேட்டோ நஞ்சு. உள்ளே இருப்பது எது என்று அறியாமல் குழாயைப் பிடித்து நிற்பவரிடம் வீரத்தை மட்டும் எதிர்பார்ப்பது நாகரிக அரசுக்கு அழகன்று.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்ததை இவ்வட்டாரம் மறக்கவில்லை. ஏறக்குறைய 40 உயிர்கள் போயின. எழுபதின்மருக்கு மேல் காயமுற்றனர். முதல் வெடிப்பின் ஓசை கேட்டுக் காப்பாற்ற ஓடிவந்தவர்களும் அருகில் நின்று பார்த்தவர்களுமே மாண்டோரில் பலர். அடுத்தடுத்து வெடித்துக்கொண்டிருந்தமையால் தீயணைப்பு வண்டிகள் நெடுநேரம் நெருங்க இயலவில்லை. அதற்கும் முன்னர் 1991 சூலையில் மீனம்பட்டியில் 39 பேர் மாண்டனர். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. அதற்குப் பின்னர் 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. ஒவ்வொன்றின் பின்னும் ஆய்வுக்குழு அமைகிறது, உரிமம் இடைநிறுத்தப்படுகிறது, உரிமையாளர்மேல் வழக்குப் பதிவாகிறது. சிதறிய உடல்களைத் திரட்டிய கைகளுக்கு உரியவர்கள் நேரில் கண்டது எது என்று அவர்களையே ஓர் அமைப்பாக அழைத்து, அவை நடுவே கேட்கும் வழக்கம் மட்டும் நம்மிடம் இல்லை. மேலதிகாரிக்கு அறிக்கை எழுதுவதோடு அவர்கள் பேச்சு முடிகிறது.

உள்ளே இருப்பது எது என்று அறியாமையின் விலை என்ன என்பது இந்தியத் தீயணைப்பு வரலாற்றின் முதல் ஏட்டிலேயே எழுதப்பட்டுள்ளது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறையில் போர்ட் ஸ்டிக்கின் என்னும் சரக்குக் கப்பலில் தீப்பிடித்தது. கப்பலில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள் இருந்தது. பஞ்சுப் பொதிகளும் வெடிபொருளும் ஒரே சரக்கறையில் ஏற்றப்பட்டிருந்தன. வெடிப்பில் மாண்ட தீயணைப்பு வீரர் மட்டும் 66 பேர். அவர்கள் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. நிலையங்களில் மலர்வளையம் வைக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒத்திகை காட்டுகிறார்கள். பஞ்சையும் வெடிமருந்தையும் ஒன்றாய் ஏற்றியது யார், அதைத் தடுக்கும் குரல் அங்கு எவர்க்கு இருந்தது என்னும் கேள்வி மலர்வளையத்தின் கீழ் புதைந்துவிடுகிறது.

அந்த நாளுக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. அன்று அம்பேத்கரின் 53ஆம் பிறந்தநாள். அவ்வேளையில் அவர் அரசப்பிரதிநிதியின் நிர்வாக அவையில் தொழிலாளர் உறுப்பினராய் இருந்தார். அதற்கு ஐந்து திங்களுக்கு முன்புதான், 1943 நவம்பரில், தொழிற்சங்கங்களை முதலாளிகள் ஏற்றே தீரவேண்டும் என்னும் திருத்த முன்வரைவை மத்திய சட்டமன்றத்தில் அவர் கொணர்ந்திருந்தார். அந்நோக்குடைய சட்டம் 1947இல் நிறைவேறியது. ஆயினும் நடைமுறைக்கு வரவேயில்லை. சங்கம் அமைக்கலாம், அதை ஏற்பதும் மறுப்பதும் எதிர்த்தரப்பின் விருப்பம் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தமைக்கு வேர் அங்கே இருக்கிறது.

சட்டத்தின் வழியே சற்று நடப்போம். நாக்பூர் என்னும் பெயர் சிவகாசிக்காரர் நாவில் அன்றாடம் புழங்குவது. வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் அங்கிருப்பதால் பெரிய ஆலைகளின் உரிமத்தை இங்கு நாக்பூர் உரிமம் என்றே சொல்வர். தேசியத் தீயணைப்புக் கல்லூரியும் அந்நகரில்தான் உள்ளது. தீயணைப்பாளர் உரிமை பற்றிய முதன்மையான தீர்ப்பும் அந்நகரின் மாநகராட்சி வழக்கிலேயே பிறந்தது என்பது பலர் அறியாதது. நாக்பூர் மாநகராட்சிக்கும் அதன் ஊழியர்க்கும் இடையிலான வழக்கில் 1960இல் உச்சநீதிமன்றம், மாநகராட்சியின் தீயணைப்புப் பிரிவு தொழில் தகராறு பற்றிய மாகாணச் சட்டத்தின் பொருளில் ஒரு தொழிலே என்று கூறிற்று. 1947ஆம் ஆண்டின் மத்திய தொழில் தகராறுச் சட்டமும் தன் முதல் அட்டவணையில் தீயணைப்புப் பணியைச் சேர்த்திருந்தது. அதைப் பொதுப்பயன் பணி என அரசு அறிவிக்க அச்சட்டம் இடம் தந்தது. அறிவித்தால் முன்னறிவிப்பின்றிப் பணிநிறுத்தம் கூடாது என்பதே அதன் கருத்து. தீயணைப்பாளரைத் தொழிலாளர் எனக் கொண்டு, பொறுப்புமிக்க தொழிலாளர் என மேலும் ஒரு வேலி கட்டிய சட்டம் அது.

அரசமைப்பின் 19ஆம் கூறு சங்கம் அமைக்கும் உரிமையை எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது. 33ஆம் கூறு அதைச் சிலர்க்குக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. ஆயுதப்படையினர், பொது ஒழுங்கைக் காக்கும் படையினர், உளவு அமைப்பினர், அவர்க்கான தொலைத்தொடர்பில் பணியாற்றுவோர் என அது பெயர் சொல்லியே சுட்டுகிறது. தீயணைப்பாளர் அப்பட்டியலில் பெயரால் இல்லை. 74ஆம் திருத்தம் சேர்த்த 12ஆம் அட்டவணையோ தீயணைப்பைக் குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றோடு நகராட்சிப் பணிகளின் வரிசையில் வைத்திருக்கிறது. தடியும் துப்பாக்கியும் ஏந்தாத பணி என்பதில் அரசமைப்புக்கு ஐயமில்லை.

ஐயம் ஆட்சி வழக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் தீயணைப்பாளரும் இரண்டாம் நிலைக் காவலரும் சிறைக்காவலரும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் ஒரே தேர்வெழுதி வருகின்றனர். துறைக்குத் தலைமை தாங்குபவர் இந்தியக் காவல் பணி அதிகாரி. அணிவகுப்பும் வணக்கமுறையும் காவல் துறையினுடையவை. காக்கி அணிந்தோர்க்குச் சங்கம் எதற்கு என்ற எண்ணம் சட்டப் புத்தகத்திலிருந்து வந்ததைக் காட்டிலும் உடையலமாரியிலிருந்து வந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது. அண்டைக் கேரளத்தில் தீயணைப்பாளர் சங்கம் அமைத்து மாநில மாநாடு கூட்டுகின்றனர். அங்கே காவலர்க்கே சங்கம் உண்டு. அதனால் கேரளம் தீக்கிரையாகிவிடவில்லை.

உலகின் பிற பகுதிகளில் இவ்வியக்கம் தோன்றிய ஆண்டைப் பார்க்கையில் நமக்கு ஓர் உறவு தெரிகிறது. 1918 பிப்ரவரியில் அமெரிக்காவில் பன்னாட்டுத் தீயணைப்பாளர் சங்கம் பிறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் சென்னையில் பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் இராமானுசலு நாயுடுவும் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினர். இங்கிலாந்தின் தீயணைப்பாளர் சங்கமும் தன் பிறப்பை அவ்வாண்டிலிருந்தே கணக்கிடுகிறது. பின்னோக்கிச் சென்றால், சென்னைத் தீயணைப்புப் படை அமைந்த 1908ஆம் ஆண்டில்தான் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளரை வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் திரட்டி நிறுத்தினர். ஆலைத் தொழிலாளர்க்குக் கிடைத்த வ.உ.சி.யும் வாடியாவும் தீயணைப்பாளர்க்கு வாய்க்கவில்லை.

அமெரிக்கச் சங்கத்தின் கதையில் நாம் ஊன்றிக் கற்க வேண்டிய பகுதி ஒன்றுண்டு. 1919இல் பாஸ்டன் நகரக் காவலர் பணிநிறுத்தம் செய்து மக்கள் வெறுப்பைத் தேடிக்கொண்ட போது, அவ்வெறுப்பின் வெம்மை தீயணைப்பாளர் சங்கத்தையும் தீண்டியது. உறுப்பினர் விலகினர், கிளைகள் கலைந்தன. 1930இல் அச்சங்கம் தன் சட்டதிட்டத்திலேயே பணிநிறுத்தம் செய்வதில்லை என்று எழுதிக்கொண்டது. அவ்விதி 1968 வரை நின்றது. ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஒரு சங்கம் பணிநிறுத்தம் என்னும் படைக்கலத்தைக் கீழே வைத்துவிட்டு வாழ்ந்தது, வாழ்ந்ததோடு வளர்ந்தது.

அது சாதித்தவற்றில் தலையாயது நோய் பற்றியது. தீயணைப்பாளர்க்குப் புற்றுநோய் கண்டால் அது பணியால் வந்ததாகவே சட்டம் கொள்ள வேண்டும். இல்லை என மெய்ப்பிக்கும் சுமை வேலை வாங்கியவர்மேல் விழ வேண்டும் என்று அச்சங்கம் மாநிலம் மாநிலமாக வாதாடிற்று. கலிபோர்னியா 1982இல் அத்தகைய சட்டம் இயற்றியது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. சங்கம் முப்பது நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை 2022இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஏற்றது. தீயணைப்புப் பணி மனிதர்க்குப் புற்றுநோய் தரும் என்பது உறுதி என அதை முதல் வகுப்பில் சேர்த்தது. சாதாரண வீட்டுத் தீயின் புகைக்கே இந்த முடிவு என்றால், பேரியமும் ஸ்ட்ரான்சியமும் கந்தகமும் கலந்த சிவகாசிப் புகையை ஆண்டுக்காண்டு உள்வாங்கிய நெஞ்சுகளைப் பற்றி என்ன சொல்வது? ஓய்வுபெற்ற பின் அவர்க்கு வரும் இருமலுக்குப் பணிப்பதிவேட்டில் இடமில்லை.

இங்கிலாந்துச் சங்கம் வேறு வழி போயிற்று. 1977 நவம்பரில் தொடங்கி ஒன்பது வாரம் பணி நிறுத்தியது. படைவீரர் பழைய பச்சை வண்டிகளை ஓட்டித் தீயணைத்தனர். முடிவில் ஊதியத்துக்கு ஒரு நிலையான அளவுகோலும், வாரம் 48 மணி நேரம் என்பது 42 மணி நேரமாகக் குறைவதும் கிடைத்தன. அவ்வழியை நாம் இங்கு பரிந்துரைக்கவில்லை. ஒன்பது வாரம் தீயணைப்பு நிலையம் பூட்டிக்கிடந்தால் சிவகாசியில் என்ன எஞ்சும் என்பதை எண்ணவும் நெஞ்சம் துணியாது.

எதிர்வாதம் செய்வோர் இங்கேதான் எழுவர். சங்கம் என்பது பணிநிறுத்தத்தின் முன்வாயில். 1979இல் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் பொகாரோவில் கிளர்ந்தெழுந்து, இராணுவத்தை ஏவி அடக்க நேர்ந்ததை மறந்தீரோ என்பர். மறக்கவில்லை. குருதி சிந்திய நிகழ்வு அது. ஆனால் குறைகளை முறையாகச் சொல்லும் வாயில் திறந்திருந்த இடத்தில் அது நேரவில்லை என்பதையும் உடன் நினைக்க வேண்டும். நம் நீதிமன்றங்கள் இவ்விரண்டையும் எப்போதோ பிரித்துவிட்டன. சங்கம் அமைக்கும் உரிமைக்குள் பணிநிறுத்த உரிமை அடங்காது என 1961இலேயே வங்கி ஊழியர் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. 2003இல் தமிழ்நாட்டு அரசு ஊழியர் இலக்கக் கணக்கில் வேலைநீக்கம் செய்யப்பட்டபோது எழுந்த வழக்கில், அரசு ஊழியர்க்குப் பணிநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று இன்னும் கடுமையாகவே அறைந்தது. அத்தீர்ப்பின் கடுமையை நாம் முழுதும் ஏற்கிறோம் என்பதில்லை. ஆனால் அதை மேற்கோள் காட்டுவோர் ஒன்றை ஒப்ப வேண்டும்: பணிநிறுத்தத்தைச் சட்டம் ஏற்கெனவே அடைத்துவிட்டதென்றால், சங்கத்தைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம் எஞ்சவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2018 அக்டோபரில் பேரியத்துக்கும் சரவெடிக்கும் உச்சநீதிமன்றம் தடை விதித்தபோது, சிவகாசி ஆலை உரிமையாளர் நவம்பரில் ஆலைகளை மூடினர். திங்கள் சில கடந்தே திறந்தனர். இலக்கக்கணக்கான தொழிலாளர் வீட்டில் அடுப்பணைந்தது. அதைப் பணிநிறுத்தம் என்று எவரும் குற்றம் சாட்டவில்லை. அமைச்சர்கள் அழைத்துப் பேசினர். கூடிப் பேசுவோர் குரலுக்கு அரசின் செவி எவ்வளவு விரைவில் திறக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று நேரு அழைத்ததாகச் சொல்லி மகிழ்வோம். பெரிய ஜப்பானிலும் தீயணைப்பாளர்க்குச் சங்க உரிமை இல்லை என்பது வேடிக்கையான ஒற்றுமை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 87ஆம் உடன்படிக்கையை ஜப்பான் 1965இல் ஏற்றது. ஆயுதப்படைக்கும் காவல் துறைக்கும் மட்டுமே அவ்வுடன்படிக்கையில் விலக்குண்டு. எங்கள் தீயணைப்புப் பணி காவல் பணியின் கிளையே என்று ஜப்பான் வாதிட்டது. அவ்வமைப்பின் வல்லுநர் குழு அவ்வாதத்தை ஏற்கவில்லை, ஆண்டுக்காண்டு மறுத்துவந்தது. இடைவழியாக 1990களின் நடுவில் ஜப்பான் ஒவ்வொரு தீயணைப்புத் தலைமையகத்திலும் பணியாளர் குழுக்களை அமைத்தது. பணிநேரம், கருவி, உடை பற்றிப் பணியாளர் கருத்துரைக்கலாம். சங்கத்துக்கு ஈடாகாது என்று அதையும் குறைகூறுவோர் பலர். நாமும் அவர் பக்கமே. இந்தியாவோ 87ஆம் உடன்படிக்கையை இன்னும் ஏற்கவேயில்லை.

தமிழ்நாட்டுத் தீயணைப்பாளர் தம் கடமையில் குறைவைத்ததாக எவரும் சொல்லார். 2012 சனவரியில் சென்னை எழிலகத்தின் கலச மகாலில் தீயணைக்கையில் கூரை சரிந்து ஒருவர் உயிர் நீத்தார்; உடன் உள்ளே சென்ற பெண் அதிகாரி பிரியா இரவிச்சந்திரன் கடுங்காயமுற்றார். 2020 தீபாவளி விடியலில், நம் வீடுகளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த வேளையில், மதுரை விளக்குத்தூண் அருகே துணிக்கடையொன்றின் பழைய கட்டடம் இடிந்து வீழ்ந்து இருவர் மாண்டனர். அரசு நிதி வழங்கியது. துப்பாக்கி முழங்க இறுதி மரியாதை செய்தது. இறந்தபின் காட்டும் மரியாதையில் நாம் குறைவைப்பதில்லை. பழைய கட்டடத்தின் உறுதியை ஆராயாமல் உள்ளே அனுப்பலாகாது என்று உயிரோடிருக்கும்போது ஒரு தீயணைப்பாளர் தனியே சொன்னால் அது கீழ்ப்படியாமை. நூறு பேர் சார்பில் ஒரு சங்கச் செயலாளர் எழுதித் தந்தால் அது கோரிக்கை, கோப்பில் ஏறும், விடை எழுதியாக வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தில் அப்படியொரு சங்கம் இருக்குமானால் அது முதலில் கேட்கப்போவது ஊதியமாக இராது என்றே நம்புகிறோம். ஒவ்வோர் ஆலையின் அறைப்படமும் இருப்புக் கணக்கும் அருகிலுள்ள நிலையத்தில் அன்றன்று புதுப்பிக்கப்பட்டுக் கிடக்க வேண்டும். உள்குத்தகை நடக்கும் ஆலையைப் பற்றி எழுதும் நிலைய அலுவலர் இடமாற்றத்துக்கு அஞ்சாதிருக்க வேண்டும். மருந்துப் புகையில் பணிசெய்தோரின் மூச்சும் குருதியும் ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டு, ஓய்வுக்குப் பின்னும் அப்பதிவேடு தொடர வேண்டும். இவற்றில் எதைக் கேட்டாலும் பயன் பெறுவோர் முதலில் ஆலைத் தொழிலாளரே. அவர்தம் சங்கத்துக்கும் தீயணைப்பாளர்க்கும் இடையில் இன்று காக்கித் துணியொன்றே திரையாகத் தொங்குகிறது.

ஆண்டுதோறும் சட்டப்பேரவையில் காவல் துறையின் மானியக் கோரிக்கையும் தீயணைப்புத் துறையின் மானியக் கோரிக்கையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. காவல் துறை பற்றிய சொற்போரிலேயே பொழுது சாய்ந்துவிடும். தீயணைப்புத் துறைக்குப் புதிய நிலையங்கள் சில, புதிய வண்டிகள் சில என்ற அறிவிப்போடு அவை அடுத்த அலுவலுக்குச் செல்லும். இம்மாவட்டத்துக்கு ஏழு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வரும் மானியக் கோரிக்கையின்போது அவர்களில் ஒருவரேனும் எழுந்து, 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கேட்க வேண்டும். பணியாளர் சங்கத்துக்கு ஏற்பு, பணிநிறுத்தத்துக்கு ஈடாக நடுநிலையான ஒரு தீர்ப்பாயம், ஆலை விபத்து விசாரணை ஒவ்வொன்றிலும் தீயணைப்பாளர் தேர்ந்தனுப்பும் ஒருவர்க்கு இருக்கை. இம்மூன்றும் சேர்ந்து ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.